மூட்டை முதுகில், மூன்று நாள் கொடைக்கானல்: எதற்குக் காசு தகும்?

கொடைக்கானலில் 'மலையேற்றம்' என்று விற்கப்படுவதில் முக்கால்வாசி மலையிறக்கம். ஊர் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், பழனி மலையின் மேல்தட்டில், அதுவும் தெற்கு விளிம்பை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. பள்ளத்தாக்குப் பக்கம் எங்கே நடக்கத் தொடங்கினாலும் முதலில் கால் கீழே போகும். தெம்பு தீர்ந்த பிறகுதான் ஏற்றம் வரும். வெள்ளியங்கிரி, பர்வதமலை ஏறிப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே முடியவில்லை என்றால் பாதியில் திரும்பி இறங்கிவிடலாம். இங்கே பாதியில் திரும்பினால் ஏற வேண்டும்.

கொடையில் கிடைக்கிற சேவைகளை, நடைகளை இந்த ஒரு கணக்கை வைத்தே எடைபோட்டிருக்கிறோம். கார் வைத்துக்கொண்டு ஒரே நாளில் பன்னிரண்டு 'பாயின்ட்' பார்க்கிறவர்களுக்கு இது பயன்படாது. பஸ்ஸில் வந்து, ஊரைத் தாண்டியுள்ள வட்டக்கானல் கிராமத்தின் பக்கம் சின்ன அறை எடுத்து, காலால் சுற்றுகிறவர்களுக்கு எழுதியது.

பஸ், பேக், பாட்டில்

ரயிலில் வருகிறவர்கள் முதலில் ஏமாறுவது 'கொடைக்கானல் ரோடு' என்ற ஸ்டேஷன் பெயரில். அங்கிருந்து ஊர் இன்னும் 80 கிலோமீட்டர். வத்தலக்குண்டு போய் மலை பஸ் பிடிக்க வேண்டும். மதுரையிலிருந்து என்றால் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட், சுமார் 120 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். கோவை, திருப்பூர்க்காரர்களுக்குப் பழனி வழி. 64 கிலோமீட்டர்தான், ரோடு ஒடுக்கம், வண்டி குறைவு. இரண்டு வழியும் பெருமாள்மலையில் வந்து சேரும்.

அரசு பஸ்ஸுக்கு நாம் கொடுக்கும் மதிப்பெண் பத்துக்கு ஒன்பது. காரணம் இ-பாஸ். 2024 மே 7 முதல் சொந்த வண்டி, வாடகை வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் உயர் நீதிமன்றம் எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தது, வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. அரசு பஸ்ஸில் வருகிறவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. சீசன் சனிக்கிழமை வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே கார்கள் நகராமல் நிற்கும்போது பஸ்ஸும் அதே வரிசையில்தான் நிற்கும், அதற்கு மட்டும் வழியில்லை. விடியற்காலை பஸ் பிடித்தால் அந்த நெரிசலுக்கு முன்பே மேலே போய்விடலாம்.

ஒரு மதிப்பெண் குறைவது பேக் வைக்கும் இடத்துக்காக. மலை பஸ்ஸில் டிக்கி என்று எதையும் எதிர்பார்க்க வேண்டாம். தலைக்கு மேல் உள்ள கம்பித் தட்டில் 40 லிட்டர் பேக் படுக்கும், 60 லிட்டர் பேக் படுக்காது. மூன்று நாளுக்கு 40 லிட்டர் தாராளம். மொத்த எடை தண்ணீர் இல்லாமல் 7 கிலோவைத் தாண்டக் கூடாது. கடைசி நாள் இதே மூட்டையோடு மலையை விட்டு இறங்கப் போகிறீர்கள், ஏன் என்பது கீழே வரும். இரண்டு ஜோடி துணி, ஒரு ஃப்ளீஸ் குளிர்ச்சட்டை, ஒரு மழைக்கோட்டு, மூன்று ஜோடி சாக்ஸ், தலையில் மாட்டும் டார்ச், மருந்துப் பொட்டலம் போதும். ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் ஒரு கிலோ கூடும், கொடைக் குளிரில் இரண்டு நாள் ஆனாலும் காயாது.

ஸ்வெட்டர் மறந்துவிட்டால் கவலையில்லை. மூஞ்சிக்கல், ஏழுரோடு பக்கம் கம்பளிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சொல்லும் விலையில் கணிசமாகக் குறைத்துக் கேளுங்கள், கடைக்காரரே எதிர்பார்ப்பார்.

ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மலைக்குத் தடை. சோதனையில் அகப்பட்டால் பாட்டில் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி. ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில் இரண்டு கொண்டுவந்தால் நடைக்கும் ஆச்சு, சோதனைக்கும் ஆச்சு.

வாந்தி வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு ஏறுவது தவறு. வத்தலக்குண்டில் இரண்டு இட்லி, சட்னி இல்லாமல். மாத்திரையைக் கொண்டை ஊசி வளைவு தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். உட்காரும் இடம் பின்சக்கரத்துக்கு முன்னால், கண் முன்கண்ணாடி வழியே ரோட்டில். போனைப் பார்த்தால் தீர்ந்தது கதை.

வட்டக்கானல் அறைகள்

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். ஜீப், டாக்ஸி கிடைக்கும். பகலில் மூட்டை கனக்கவில்லை என்றால் நடந்தே போகலாம். இஸ்ரேல் நாட்டு இளைஞர்கள் நெடுங்காலமாக வந்து தங்குகிற இடம் என்பதால் பலகைகளில் ஹீப்ரு எழுத்து, சாப்பாட்டுக் கடைகளில் ஹம்மூஸ், ஃபலாஃபல், ஷக்‌ஷுகா. ஷக்‌ஷுகா என்பது தக்காளித் தொக்கில் முட்டை உடைத்து ஊற்றியது, நம் வாய்க்கு உடனே ஒட்டும். ஆனால் ஒவ்வொரு தட்டையும் ஆர்டர் வந்த பிறகுதான் அடுப்பில் ஏற்றுகிறார்கள். நடைக்குப் போகும் காலையில் அதற்காகக் காத்திருந்தால் ஒரு மணி நேரம் போய்விடும். முந்தின ராத்திரியே சப்பாத்தி, அவித்த முட்டை சொல்லி வாங்கி வைத்துக்கொள்வது உசிதம்.

அறையை எடுக்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள். மெத்தையின் மேல் உள்ளங்கையை ஒரு நிமிடம் அழுத்தி வையுங்கள். ஈரம் தெரிந்தால் அந்த அறை வேண்டாம், எவ்வளவு காட்சி தெரிந்தாலும். நவம்பர், டிசம்பரில் மேகம் ஜன்னல் இடுக்கு வழியாகவே உள்ளே வந்து படுக்கும், மேற்குப் பார்த்த அறை மட்டும் பின்வெயிலில் கொஞ்சம் உலரும். அடுத்து வெந்நீர். கெய்சரா, விறகு பாய்லர் வாளியா என்று கேளுங்கள். காற்றடிக்கும் நாளில் கரண்ட் போகும், அப்போது வாளிதான் கைகொடுக்கும். மூன்றாவது, நடைபாதையில் விளக்கு. பல வீடுகள் ரோட்டிலிருந்து படிக்கட்டில் இறங்கிப் போகிற மாதிரி இருக்கின்றன, அந்தப் படியில் இரவில் காட்டு மாடு நிற்பது இங்கே அன்றாடம்.

காட்டு மாட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். ஊருக்குள் வந்து புல் மேய்வதால் சாது என்று நினைத்து செல்ஃபி எடுக்கப் போகிறவர்கள்தான் குத்துப்படுகிறார்கள். 30 மீட்டராவது தள்ளியே நில்லுங்கள். அது தலையைத் தாழ்த்தி மூக்கால் சீறினால் அது எச்சரிக்கை. முதுகைக் காட்டி ஓடாமல், பார்த்தபடியே பக்கவாட்டில் விலகி ஒரு மரத்தையோ சுவரையோ நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். அது ரோட்டைக் கடக்க வழி விட்டுவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்தது.

குளிருக்காகக் கரி அடுப்பையோ பார்பெக்யூ தட்டையோ அறைக்குள் எடுத்துவந்து கதவைச் சாத்தாதீர்கள். அணைந்த மாதிரித் தெரியும் கரியும் கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கொடைக்கானலில் இப்படி உயிர் போயிருக்கிறது. இன்னொரு கம்பளி கேட்டு வாங்குங்கள். வட்டக்கானல் பாதையில் யாராவது காதருகே வந்து 'காளான்' என்று சொன்னால் அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிற சரக்கு. நின்று பேரம் பேசவே வேண்டாம்.

முதல் நாள்: காலைச் சூடாக்க

ஏரியைச் சுற்றி சுமார் 5 கிலோமீட்டர். 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த லெவின்ஜ் வெட்டி அணை கட்டிய ஏரி. வாடகை சைக்கிள் காலை ஏழு மணிக்குள் எடுத்தால் நல்ல அனுபவம், பதினொரு மணிக்கு எடுத்தால் குதிரைச் சாணத்துக்கும் காருக்கும் நடுவே தப்பிப் பிழைக்கும் விளையாட்டு. எடுக்கும் முன் இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்து வண்டியை முன்னால் தள்ளிப் பாருங்கள். சக்கரம் உருண்டால் வேறு சைக்கிள் கேளுங்கள். இரண்டு பேர் மிதிக்கிற சைக்கிள் பார்க்க அழகு, ஆனால் நீளச் சங்கிலி தளர்ந்திருந்தால் மேட்டில் கழன்றுவிடும். படகும் குதிரையும் பேக்கோடு வந்தவர்களுக்கு அவசியமில்லை. அந்தக் காசுக்குக் கேரட்டும் பேரிக்காயும் வாங்கலாம்.

கோக்கர்ஸ் வாக் ஒரு கிலோமீட்டர் நடைதான், 1872-இல் போட்டது. எல்லோரும் காலையில் போகிறார்கள். காலையில் சமவெளி தெரியும், உண்மை. ஆனால் இந்தப் பாதையின் தனிச் சரக்கு மாலையில்தான். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் மேற்கே தாழ்ந்திருந்து, எதிரே பள்ளத்தில் வெள்ளை மேகம் சுவர் மாதிரி நின்றால், உங்கள் நிழல் அந்த மேகத்தில் பெரிதாக விழும், தலையைச் சுற்றி வானவில் வளையத்தோடு. இதை பிராக்கன் நிழல் என்கிறார்கள். பக்கத்தில் நிற்பவரின் தலைக்கும் வளையம் உண்டு, ஆனால் அது அவருக்குத்தான் தெரியும், உங்களுக்கு உங்களுடையது மட்டும். மேகம் நம் உயரத்துக்கு ஏறிவிட்டால் எல்லாம் வெள்ளைதான், எனவே மேகம் கீழே இருக்கிற நாளாகப் பார்த்துப் போக வேண்டும்.

தூண் பாறை 400 அடி உயரம். மதியத்துக்கு மேல் போனால் பனிமூட்டத்தைப் பார்த்துவிட்டு வரலாம். பெரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டும், எண்ணிக்கை வரம்பு உண்டு, வண்டியில்தான் போக முடியும். நடைக்காரர்களுக்கு அதில் பெரிய சுவை இல்லை. பெரிஜம் வழியாக மூணாறுக்கு நடந்து போகலாமா என்று இன்னும் கேட்கிறார்கள். அந்தப் பழைய ரோடு 1990-இல் மூடியாயிற்று, கேட்டைத் தாண்டினால் வனக் குற்றம்.

டால்ஃபின் மூக்கு, ஒரு பரிசோதனை

வட்டக்கானலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் இறக்கம். பாதை முழுக்க வேர். 6,600 அடி ஆழப் பள்ளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை என்று இணையத்தில் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். அது பள்ளத்தின் ஆழம் இல்லை, கடல் மட்டத்திலிருந்து பாறை நிற்கும் உயரம். கீழே தெரிகிற பெரியகுளமே கடல் மட்டத்துக்கு 900 அடிக்கு மேல்தான் இருக்கிறது. ஆழம் எவ்வளவாக இருந்தாலும் வேலி கிடையாது, மழை ஈரத்தில் பாறை வழுக்கும். நுனியில் கால் தொங்கப்போட்டுப் படம் எடுப்பதற்குப் பத்துப் பேர் வரிசையில் நிற்கும் நேரத்தில் அங்கே போகவே வேண்டாம். ஏழரை மணிக்குள் போனால் பாறை உங்களுக்கே.

இறங்க 40 நிமிடம், ஏற ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த நடையை இரண்டாம் நாள் காலையில், முழு மூட்டையோடு செய்து பார்க்கச் சொல்வோம். இறங்கும்போது பெருவிரல் ஷூவின் முன்பக்கம் இடிக்கிறதா, முட்டியின் கீழ் வலி எடுக்கிறதா, நின்றால் தொடை நடுங்குகிறதா? மூன்றில் இரண்டுக்கு ஆம் என்றால் மூன்றாம் நாள் வெள்ளகவி கிராமம் வழியாக அடிவாரம் வரை இறங்கும் நடை உங்களுக்கு இந்தத் தடவை இல்லை. ஒன்றரை கிலோமீட்டரில் தெரிந்துகொள்வது பதினான்காவது கிலோமீட்டரில் தெரிந்துகொள்வதைவிட மலிவு.

வழியில் இருக்கும் பெட்டிக்கடைகளில் மேகி, பிரெட் ஆம்லெட், எலுமிச்சைச் சாறு. கீழே போகப்போக விலை கூடும். சிலிண்டரும் முட்டை அட்டையும் தலைச்சுமையாக வருகிற இடம் அது, பேரம் பேசுவது நியாயமில்லை.

மேல்மலை பஸ்

இரண்டாம் நாள் பகல் மிச்சத்துக்குச் சரியானது மேல்மலைக் கிராமமான பூம்பாறை. இருபது கிலோமீட்டருக்குள், அரசு பஸ் போகிறது. ரோட்டு மேட்டிலிருந்து பார்த்தால் படிப்படியாக வெட்டிய வயல், நடுவே ஓட்டு வீடுகள். எல்லோரும் அங்கேயே படம் எடுத்துத் திரும்புகிறார்கள். பஸ்ஸிலேயே ஊருக்குள் போய் இறங்கி, குழந்தை வேலப்பர் கோவிலைத் தாண்டி வரப்புகளில் நடந்தால் அரை நாள் போவதே தெரியாது. வரப்பில் நடக்கும் முன் வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பூண்டு வாங்க வேண்டிய இடமும் இதுதான். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த கொடைக்கானல் மலைப்பூண்டு. நன்றாகக் காய்ந்த கொத்தாகப் பார்த்து வாங்குங்கள், ஈரத் தாளோடு இருப்பது பேக்குக்குள் இரண்டே நாளில் பூத்துவிடும், பேக்கும் மணக்கும். கால் கிலோ போதும். நாளைக்கு அதையும் நீங்கள்தான் சுமக்க வேண்டும்.

மன்னவனூர் இன்னும் தள்ளி, ஊரிலிருந்து 35 கிலோமீட்டர் அளவில். புல்வெளி, ஏரி, பரிசல், மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை. அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் திரும்பும் பஸ் நேரத்தைக் கண்டக்டரிடமே கேட்டு வைத்துக்கொள்ளாவிட்டால் மாலையில் ரோட்டில் நிற்க வேண்டிவரும். அதை நம்பி மூன்று நாள் திட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

டென்ட்

'டென்ட் ஸ்டே, கேம்ப் ஃபயர்' விளம்பரங்களுக்குப் பத்துக்கு மூன்றுதான். அனுமதி இருக்கிறதா என்று கேட்டால் பதில் மழுப்பலாக வரும் இடங்களே அதிகம். காட்டுக்குள் இரவு தங்கல் கிடையவே கிடையாது, அப்படிச் சொல்லி அழைத்துப் போகிறவர் உங்களையும் சேர்த்து மாட்டிவிடுவார். அனுமதியுள்ள தனியார் தோட்டம் என்றாலும் பொருளைப் பாருங்கள். பெரும்பாலும் ஒற்றைத் துணி டென்ட். மூச்சின் ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு நீராகி விடிய விடியச் சொட்டும், மழையே இல்லாத ராத்திரியிலும் தூங்கும் பை நனைந்திருக்கும். உள்துணி, வெளித்துணி என்று இரண்டு அடுக்கு இருந்து, நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தால் இது வராது.

தூங்கும் பையில் இரண்டு வெப்பநிலை அச்சிட்டிருக்கும். ஒன்று நிம்மதியாகத் தூங்க, இன்னொன்று சாகாமல் இருக்க. வாடகைக்காரர் சொல்வது எப்போதும் இரண்டாவது எண். டிசம்பர், ஜனவரி இரவில் இங்கே 8 டிகிரிக்கும் கீழே போகும். நிம்மதி அளவு 5 டிகிரி என்று இருந்தால் எடுங்கள். அதைவிட முக்கியம் கீழே விரிக்கும் பாய். குளிரில் பாதி தரையிலிருந்துதான் ஏறுகிறது. அரை அங்குல ஃபோம் பாய் இரண்டு கேளுங்கள், கொடுக்கவில்லை என்றால் அறையே மேல்.

மூன்றாம் நாள்: ஊரை விட்டுக் காலால் இறங்குவது

இந்த மூன்று நாளில் காசுக்கும் உழைப்புக்கும் முழுதாகத் தகுந்தது இது ஒன்றுதான். மேலே வட்டக்கானல், நடுவழியில் வெள்ளகவி கிராமம், அடிவாரத்தில் கும்பக்கரை அருவி. சுமார் 14 கிலோமீட்டர், ஏறத்தாழ 1,600 மீட்டர் இறக்கம். கொடைக்கானல் நடைகளின் அடிப்படைக் குறை, இறங்கியதைத் திரும்ப ஏற வேண்டும் என்பது. பஸ்ஸில் வந்தவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மேலே வண்டி நிற்கவில்லை, அறையைக் காலி செய்து மூட்டையோடு இறங்கிப் பெரியகுளத்தில் பஸ் ஏறிவிடலாம். கார்க்காரருக்குக் கிடைக்காத வசதி. 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் வீடு கட்டிய காலத்திலும் பெரியகுளம் பக்கச் சரிவில்தான் ஆளும் சாமானும் மேலே போயின, மோட்டார் ரோடு பிறகு வந்தது.

முதலில் அனுமதி. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலைநடைக்காரர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு தமிழ்நாட்டில் மலைநடை விதிகள் இறுகிவிட்டன. முந்தின நாளே வனத்துறை அலுவலகத்தில் வழி திறந்திருக்கிறதா என்று கேட்டு, அனுமதியோடு, உள்ளூர் வழிகாட்டியோடுதான் இறங்க வேண்டும். அரசே 2024 அக்டோபரில் 40 வழிகளோடு 'ட்ரெக் தமிழ்நாடு' முன்பதிவுத் தளத்தைத் தொடங்கியிருக்கிறது, அதையும் பாருங்கள். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை தீக்காலம், மூடியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மழை அதிகம் அக்டோபர், நவம்பரில். நல்ல மாதம் டிசம்பர் கடைசியும் ஜனவரியும்.

வழிகாட்டியிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: வெள்ளகவியோடு முடிகிறதா, கும்பக்கரை வரை வருவாரா? வெள்ளகவி வரை போய்த் திரும்புவதற்கும், கீழே இறங்கிவிடுவதற்கும் கூலி வேறு. கீழே வந்தால் அவர் பஸ்ஸில் சுற்றிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும், அந்தப் பஸ் காசும் சாப்பாடும் உங்கள் கணக்கு. இதைப் புறப்படும் முன் பேசாமல் கும்பக்கரையில் சண்டை போடுகிறவர்கள் உண்டு. கையில் தடி, முதுகில் கயிறு, தன் தண்ணீர் தானே கொண்டுவருகிறவர் நல்ல வழிகாட்டி. செருப்போடு வருவதைப் பார்த்து எடைபோடாதீர்கள், இந்தப் பாதையை அவர் செருப்போடே ஆயிரம் தடவை இறங்கியிருப்பார்.

இனி ஷூ. படி ஒன்று 20 சென்டிமீட்டர் என்று வைத்தால் 1,600 மீட்டருக்கு 8,000 தடவை உடம்பையும் மூட்டையையும் முட்டியால் பிரேக் பிடிக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் கால் ஷூவுக்குள் முன்னால் சரியும். நகம் கறுத்து விழுவது இதனால்தான், கல்லில் இடித்ததால் இல்லை. நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டுங்கள். அன்று காலை வெட்டினால் ஓரம் குத்தும். நாடாவை இப்படிக் கட்டுங்கள்: கடைசிக் கண்ணுக்கு (நாடா நுழையும் துளைக்கு) முந்தின கண்வரை வழக்கம்போல் குறுக்காக. அடுத்து நாடாவைக் குறுக்கே கொண்டுபோகாமல், அதே பக்கத்துக் கடைசிக் கண்ணில் விட்டு ஒரு சின்ன வளையம் விடுங்கள். இடது நாடாவை வலது வளையத்துக்குள்ளும், வலது நாடாவை இடது வளையத்துக்குள்ளும் நுழைத்து, குதிகாலை ஷூவின் பின்பக்கம் தட்டி உட்காரவைத்து, இறுக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் பூட்டுப் போட்ட மாதிரி நிற்கும். ஓட்டப்பயிற்சி ஷூ இந்தப் பாதைக்கு ஆகாது. அடியில் 4 மில்லிமீட்டராவது பல் வேண்டும்.

தடி இருந்தால் முட்டிக்கு வேலை குறையும். நீளம் மாற்றும் தடி என்றால் ஏற்றத்துக்கு வைப்பதைவிட ஒரு சாண் நீட்டி வையுங்கள், ஏனென்றால் அது ஊன்றப்போவது உங்களுக்கு ஒரு படி கீழே. பேக்கின் இடுப்புப் பட்டையை எலும்பின் மேல் இறுக்கி, தோளில் மாட்டும் பட்டையைக் கொஞ்சம் தளர்த்துங்கள். கனமான பொருள் முதுகை ஒட்டி, நடு உயரத்தில். மேலே கனம் இருந்தால் ஒவ்வொரு படியிலும் மூட்டை பின்னாலிருந்து தள்ளும்.

காலை ஏழுக்குப் புறப்பட வேண்டும். ஒருவருக்கு 3 லிட்டர் தண்ணீர். மேலே குளிரில் தாகம் தெரியாது, கீழே வெயிலில் கேட்காமல் இருக்காது. முதல் பகுதி சோலையும் வேரும். ஈர வேரின் மேல் கால் வைக்காதீர்கள், அதற்கு அந்தப் பக்கம் மண்ணில் வையுங்கள். பைன் சருகு உலர்ந்திருந்தாலும் வழுக்கும், ஈரக் களிமண்ணுக்குச் சமம். மழை மாதம் என்றால் அட்டை. புகையிலைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த சாக்ஸ் போட்டால் குறையும். ஏறிவிட்டால் தீக்குச்சி, உப்பு எதுவும் வேண்டாம், ஒல்லியான முனையின் அடியில் நகத்தை நுழைத்து நெம்பிவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க அது ஒரு சத்தைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசியும். பயப்பட ஒன்றுமில்லை, அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

வெள்ளகவிக்கு பத்து, பத்தரைக்குள் வந்துவிட வேண்டும். வராவிட்டால் உங்கள் வேகம் போதவில்லை, அங்கேயே வழிகாட்டியோடு பேசி முடிவெடுங்கள். காலம்காலமாகச் சுமை குதிரை முதுகிலும் தலையிலும் வந்து சேர்ந்த ஊர். ஊருக்குள் யாரும் காலணி போடுவதில்லை, கோவில்களுக்கு நடுவே வீடு கட்டியிருக்கிறோம் என்பார்கள். எல்லையில் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். இந்த இடத்தைச் சாக்கிட்டுச் சாக்ஸையும் கழற்றிக் காலை ஆறவிடுங்கள். சிவந்த இடத்தில் கொப்புளம் வரும் முன்பே மருத்துவ டேப் ஒட்டி, இரண்டாவது ஜோடி சாக்ஸ் போடுங்கள். காலுக்கு இதைவிட நல்ல இடைவேளை இந்தப் பாதையில் வேறு எங்கும் இல்லை. டீ கிடைத்தால் குடியுங்கள், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்துப் படம் எடுக்கிற வேலை வேண்டாம்.

கீழ்ப்பாதி வேறு உலகம். சோலை தீர்ந்து கல்லும் முள்ளும், நிழல் குறைவு, ஒவ்வொரு திருப்பத்திலும் காற்று சூடாகும். ஆட்கள் சோர்ந்து விழுவது இங்கேதான். காலையில் போட்ட ஃப்ளீஸைக் கழற்றச் சோம்பல்பட்டு, தண்ணீரை மிச்சம் பிடித்து வந்தவர்களுக்கு மதியம் தலைவலி, அப்புறம் கால் பின்னல். ஒரு லிட்டருக்கு ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு ஸ்பூன் சர்க்கரை கலந்த பாட்டிலை இந்தப் பகுதிக்கென்றே வைத்திருங்கள். முட்டி பிடித்தால் நேராக இறங்காமல் பாதையின் அகலத்துக்கு வலமும் இடமுமாகக் கோணலாக இறங்குங்கள். ஐம்பது நிமிடத்துக்கு ஒரு தடவை பத்து நிமிடம், மூட்டையை இறக்கி வைத்து.

கும்பக்கரைக்கு இரண்டு மூன்று மணிக்கு வரலாம். அருவியில் குளிக்கும் எண்ணத்தோடு இறங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே மலையில் மழை என்றால் வெள்ளம் வந்து வனத்துறை குளிக்கத் தடை போட்டிருக்கும், கீழே வெயில் அடித்தாலும். தடை இல்லாத நாளில் தொடையளவு தண்ணீரில் பத்து நிமிடம் உட்காருங்கள், மறுநாள் படி இறங்கும்போது வித்தியாசம் தெரியும். பாறை பாசி பிடித்தது, ஆழமான குழிகள் உண்டு, கம்பியைத் தாண்ட வேண்டாம். அங்கிருந்து பெரியகுளம் எட்டு ஒன்பது கிலோமீட்டர். பஸ் குறைவு, ஆட்டோ உண்டு. வழிகாட்டியை அந்த ஆட்டோவிலேயே ஏற்றிக்கொண்டு போய், பெரியகுளம் பஸ் ஸ்டாண்டில் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, வத்தலக்குண்டு பஸ்ஸில் அனுப்பிவிட்டு, பிறகு உங்கள் மதுரை பஸ்ஸைப் பாருங்கள். தேனியிலிருந்து வருகிற பஸ்களில் உட்கார இடம் கிடைக்காமல் போகலாம். இரண்டு பஸ்ஸை விட்டாலும் பரவாயில்லை, அந்தக் காலோடு நின்றுகொண்டு பயணம் செய்யாதீர்கள்.